தென்கச்சி கோ. சுவாமிநாதன்

தென்கச்சி கோ. சுவாமிநாதன் (இறப்பு: செப்டம்பர் 16, 2009) தமிழ்நாட்டைச் சேர்ந்த வானொலிப் பேச்சாளரும் எழுத்தாளரும் ஆவார். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தில் 1980களின் இறுதியிலிருந்து 2002 வரை காலைதோறும் ஒலிபரப்பான "இன்று ஒரு தகவல்" என்னும் நிகழ்ச்சியின் மூலம் பரவலாக அறியப்பட்டவர். சில நிமிடங்களே நீடித்த இந்நிகழ்ச்சி ஒரு செய்தியையோ வாழ்க்கை முறை குறித்த ஒரு கருத்தையோ எளிய பேச்சுத்தமிழில் விளக்கி, ஒரு சிறு நகைச்சுவைக் கதையுடன் முடிவடையும். தொலைக்காட்சி எல்லா வீடுகளுக்கும் சென்று சேராத காலத்தில், திரைப்பாடலின் துணையின்றி வெறும் பேச்சினால் மட்டுமே புகழ்பெற்ற தமிழ் வானொலியாளர் மிகச் சிலரே. அவர்களுள் இவர் முதன்மையானவர் எனலாம்.

பெயரும் ஊரும்

இவர் 1940களில், கொள்ளிடம் ஆற்றின் வடகரைப் பகுதியிலுள்ள தென்கச்சிப்பெருமாள்நத்தம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது இவ்வூர் ஒருங்கிணைந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. பின்னர் பெரம்பலூர் மாவட்டத்திலும், இன்று அரியலூர் மாவட்டத்தின் உடையார்பாளையம் வட்டத்திலும் அடங்குகிறது. கச்சி என்பது காஞ்சிபுரத்தின் பழம்பெயர். எனவே தென்கச்சி என்பது சொல்லளவில் தெற்கிலுள்ள காஞ்சி என்று பொருள்படும். நத்தம் என்பது ஊரின் குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் வருவாய்த்துறைச் சொல்லாகும். நீண்ட ஊர்ப்பெயரின் முதற்பகுதியை மட்டும் இவர் தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டார். நாளடைவில் கேட்போர் சுவாமிநாதன் என்பதை விட்டுவிட்டுத் "தென்கச்சி" என்றே இவரைக் குறிப்பிடலாயினர். வரைபடத்தில் தேடினாலும் எளிதில் அகப்படாத ஓர் ஊரின் பெயர் இவ்வாறு வானொலி வழியே தமிழகம் முழுவதும் அறிமுகமாயிற்று.

வேளாண்மையிலிருந்து வானொலிக்கு

வேளாண்மையில் பட்டம் பெற்ற சுவாமிநாதன் சிறிது காலம் அரசின் வேளாண் அலுவலராகப் பணியாற்றினார். பின்னர் அப்பணியை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பிப் பயிர்த்தொழிலில் ஈடுபட்டார். ஊராட்சி மன்றத் தலைவராகவும் இருந்தார். 1977ஆம் ஆண்டு அகில இந்திய வானொலியின் திருநெல்வேலி நிலையத்தில் வேளாண் ஒலிபரப்புப் பிரிவில் சேர்ந்தார்.

இப்பிரிவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். ஏனெனில் இவருடைய பிற்காலப் பேச்சுமுறை உருவானது இங்குதான் என்று கருத இடமுண்டு. 1956இல் புனே வட்டாரத்தில் யுனெஸ்கோவின் உதவியுடன் நடந்த ஊரக வானொலி மன்றச் சோதனை, உழவர்கள் கூட்டமாக அமர்ந்து கேட்டுப் பின்னர் விவாதித்தால் வானொலியிலிருந்து பயன் பெறுவர் என்பதைக் காட்டியது. 1966 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையங்களில் பண்ணை, இல்ல ஒலிபரப்புக்கெனத் தனிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. வேளாண்மை படித்தவர்களே இவற்றில் பணியமர்த்தப்பட்டனர். தமிழகத்தில் இதற்குக் கிடைத்த வெற்றி வியக்கத்தக்கது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுப்பகுதியில் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல், திருச்சி வானொலியின் தொடர்ந்த ஒலிபரப்பால் தஞ்சை மாவட்டத்தில் வேகமாகப் பரவியது. விதையின் எண்ணை நினைவில் வைக்காத உழவர்கள் அதனை "ரேடியோ நெல்" என்றே அழைத்தனர். ஒரு பயிர் வகைக்கு ஊடகத்தின் பெயர் அமைந்தது அரிதான நிகழ்வு.

வேளாண் ஒலிபரப்பாளருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கேட்பவர் படித்தவராக இல்லாமல் இருக்கலாம், ஆனால் தொழிலில் பேசுபவரைவிட அனுபவசாலி. ஆகவே அவருக்கு அறிவுரை கூறும் தொனி எடுபடாது. ஏக்கருக்கு எவ்வளவு, எந்நாளில், எத்தனை முறை என்பவற்றைக் குழப்பமின்றிச் சொல்ல வேண்டும். கேட்பவர் குறிப்பெடுக்க மாட்டார் என்பதால் முக்கியமானதை அலுப்பூட்டாமல் இருமுறை சொல்ல வேண்டும். வானொலியில் பின்னோக்கிச் சென்று படிக்க இயலாது. சுவாமிநாதன் அரசு அலுவலராகவும் உழவராகவும் ஊர்த்தலைவராகவும் இருந்தவர். ஆணை பிறப்பிப்பவரின் மொழியும் அதனைப் பெறுபவரின் மொழியும் எங்கே பிரிகின்றன என்பதை இரு பக்கத்திலிருந்தும் அறிந்தவர். "இன்று ஒரு தகவல்" நிகழ்ச்சியில் உடல்நலம், அறிவியல், ஆன்மிகம் என எப்பொருளைப் பேசியபோதும், வரப்பில் நின்று பக்கத்து வயல்காரரிடம் பேசுவது போன்ற அந்தத் தொனியை இவர் விடவில்லை.

1984இல் சென்னை நிலையத்திற்கு மாற்றலானார். 2002இல் உதவி நிலைய இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றார்.

இன்று ஒரு தகவல்

அக்காலத்தில் சென்னை வானொலியின் காலை ஒலிபரப்பு, வால்டர் காஃப்மன் அமைத்த அடையாள இசையுடன் தொடங்கி மங்கள இசை, பக்திப் பாடல்கள், செய்திகள் என ஒழுங்குமாறாமல் செல்லும். கடிகாரம் இல்லாத வீடுகளிலும் வானொலியைக் கொண்டே பள்ளிக்கும் பேருந்துக்கும் நேரம் கணிக்கப்பட்டது. டில்லியிலிருந்து காலை 7.15 மணிக்கு வரும் தமிழ்ச் செய்தியறிக்கை இந்த ஒழுங்கின் நடுநாயகம். அதனை அடுத்து வரும் காலைப்பொழுதில், வீட்டிலிருப்போர் வெளியே கிளம்பும் பரபரப்பிற்கிடையே, இவருடைய பேச்சு அமைந்தது.

பேச்சின் அமைப்பு பெரும்பாலும் மாறாதது. முதலில் ஒரு பொருள் அறிமுகமாகும். அது உணவுப் பழக்கமாகவோ, கோபத்தை அடக்கும் வழியாகவோ, ஓர் அறிஞரின் வாழ்வில் நடந்ததாகவோ, விலங்கியல் செய்தியாகவோ இருக்கலாம். அடுத்து அதனை விளக்கும் எடுத்துக்காட்டு. இறுதியில் ஒரு குட்டிக்கதை. மருத்துவரும் நோயாளியும், கணவனும் மனைவியும், ஆசிரியரும் மாணவனும், குருவும் சீடனும் இக்கதைகளில் அடிக்கடி தோன்றுவர். கதையின் திருப்பம் பல வேளைகளில் அதுவரை கூறிய அறிவுரையையே கேலி செய்வதாக இருக்கும். பேசியவர் தம்மை உயர்த்திக்கொள்ளாமல் முடிக்கும் உத்தி இது. காலையில் அறிவுரை கேட்க யாரும் விரும்புவதில்லை. ஆனால் அறிவுரையை இவர் எப்படி முடிக்கப்போகிறார் என்று அறியப் பலர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றனர்.

நிகழ்ச்சி அன்றாட வாழ்வைப் பேசியது, அன்றாட அரசியலைப் பேசவில்லை. இதற்குப் பேச்சாளரின் இயல்பு மட்டும் காரணமன்று. 1997இல் பிரசார் பாரதி நடைமுறைக்கு வரும்வரை அகில இந்திய வானொலி ஒன்றிய அரசின் ஒரு துறையாகவே இயங்கியது. கட்சிகளையோ தனிமனிதர்களையோ தாக்கிப் பேசுவதை அதன் ஒலிபரப்பு நெறிமுறை தடுத்தது. பேசியவரும் அரசு ஊழியர். இக்காலத்திலேயே ராஜீவ் காந்தி கொலை (1991), பாபர் மசூதி இடிப்பு (1992) போன்ற பெரும் நிகழ்வுகள் நடந்தன. அவை செய்தியறிக்கைக்கு உரியவை. அதனை அடுத்து வரும் பேச்சோ மனிதரின் சிறுமைகளையும் நல்லியல்புகளையும் பேசும். இதனைத் தப்பித்தல் என்று கருதுவோர் இருக்கலாம். ஆயினும், தொண்டர் எவரும் தம் கட்சியைச் சார்ந்தவர் என்றோ எதிரி என்றோ இவரைக் கருத இயலாமற் போனதற்கும், எல்லாத் தரப்பினரும் ஒரே நேரத்தில் இவரைக் கேட்டதற்கும் இக்கட்டுப்பாடே அடிப்படை என்பதை மறுக்க இயலாது. அதிகாரிகளின் அலட்சியம், இலஞ்சம், வெற்றுப் பகட்டு போன்றவற்றைப் பெயர் சுட்டாத கதைமாந்தர் வழியே பேச இந்த முறை இடமளித்தது.

பேச்சு நடை

வானொலித் தமிழ் நீண்டகாலம் மேடைத்தமிழின் சாயலையோ ஏட்டுத்தமிழின் சாயலையோ கொண்டிருந்தது. செய்தி வாசிப்போர் தெளிந்த உச்சரிப்புடன் எழுத்துத்தமிழில் வாசித்தனர். இலக்கிய உரையாளர்கள் எழுதி வைத்ததைப் படித்தனர். இவரிடம் காணப்பட்ட புதுமை, ஒலிபெருக்கியின் முன் ஒரே ஒருவரிடம் பேசுவது போன்ற மெதுவான பேச்சாகும். குரலில் கம்பீரமோ இனிமையோ சிறப்பாகக் கூறத்தக்க அளவில் இருந்ததெனக் கூற முடியாது. இழுத்துப் பேசும் கிராமத்துத் தன்மையும், திருப்பத்திற்கு முன் விடும் இடைவெளியுமே அதன் பலம். வானொலியில் அமைதி என்பது பழுதாகக் கருதப்படும். சில நொடிகள் ஒலி நின்றாலே கேட்பவர் வேறு நிலையத்திற்கு முள்ளைத் திருப்பிவிடுவார் என்பது பொறியாளர்களின் அச்சம். அந்த அமைதியை அச்சமின்றிப் பயன்படுத்தியவர் இவர்.

இங்கு இலங்கை வானொலியுடன் ஓர் ஒப்பீடு பொருத்தமானது. 1950களிலிருந்து அதன் வர்த்தக சேவையின் தமிழ் அறிவிப்பாளர்கள் தமிழகத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தனர். 1952இல் இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் பெரிதும் குறைக்கப்பட்டதும், கேட்போர் கடல் கடந்த நிலையத்தை நாடியதும், அதற்கு விடையாக 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டதும் தெரிந்த வரலாறு. எஸ். பி. மயில்வாகனன் முதலிய இலங்கை அறிவிப்பாளர்களின் ஈர்ப்பு அவர்களுடைய வேகத்திலும் திருத்தமான ஒலிப்பிலும் இருந்தது. தென்கச்சியாரின் ஈர்ப்பு இவ்விரண்டிற்கும் நேர் எதிரானது. இரண்டையும் ஒரே வானொலிப் பெட்டியில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இவை முரணாகத் தோன்றவில்லை.

கேட்கப்பட்ட பரப்பு

சென்னை முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் ஒலிபரப்பாகியது. இந்நிகழ்ச்சி பிற தமிழ் நிலையங்கள் வழியாகவும் மக்களைச் சென்றடைந்தது. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிப் பரவுகிறது. ஈரமான மண்ணும் உப்புநீரும் அதற்கு நல்ல கடத்திகள். வறண்ட, பாறை மிகுந்த நிலத்தில் அது விரைவில் வலுவிழக்கும். இதனால் காவிரிக் கழிமுகக் கடற்கரை, குறிப்பாகக் காரைக்கால், வானொலி கேட்பதற்கு இயல்பாகவே வாய்ப்பான இடமாக அமைந்தது.

காரைக்கால் நிர்வாகத்தில் புதுச்சேரியைச் சார்ந்தது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதி. நிலவழியாகச் சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக்கடல். வரைபடத்தில் அளந்தால் புதுச்சேரி வடக்கே ஏறத்தாழ 110 கி.மீ., திருச்சிராப்பள்ளி மேற்கே ஏறத்தாழ 125 கி.மீ., கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் பருத்தித்துறை ஏறத்தாழ 130 கி.மீ. நேர்த்தொலைவில் உள்ளன. சென்னை இவற்றைப்போல் இருமடங்கு தொலைவில் உள்ளது, ஆனால் அந்த அலை கடலோரமாகவே வருவது. ஆக, இச்சிறு நிலப்பகுதியில் இருந்தோர் திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ், புதுச்சேரியின் 1215 கிலோஹெர்ட்ஸ், சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ் ஆகியவற்றுடன் இலங்கை வானொலியையும் தேர்ந்துகொள்ள முடிந்தது. ஆட்சி எல்லை ஒருபுறம், அலைகளின் எல்லை மறுபுறம். தமிழ்நாட்டு அரசின் பேருந்து நிறுத்தமும் புதுச்சேரி அரசின் பள்ளியும் அடுத்தடுத்து வரும் இவ்வூர்களில், சென்னையிலிருந்து ஒருவர் பேசுவதை அயலூர்ப் பேச்சாக யாரும் எண்ணவில்லை. அவர் பேசியதோ கொள்ளிடக்கரைத் தமிழ். காவிரியின் கடைமடையில் வாழ்பவர்களுக்கு அது தலைநகரின் தமிழைவிட நெருக்கமானது.

இப்பகுதியில் வானொலிக்கு வேறொரு தேவையும் இருந்தது. அரசலாறு, நாட்டாறு, திருமலைராயனாறு ஆகியவற்றின் பாசனத்தில் பயிரிடும் உழவர்களுக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டமும், மீனவர்களுக்கு வானிலை எச்சரிக்கையும் காலைச் செய்தியிலேயே தெரிய வேண்டும். இவற்றிற்காக வானொலியைத் திறந்தவர்களே அதனை மூடாமல் அடுத்த பேச்சையும் கேட்டனர். பின்னாளில் காரைக்காலுக்கென்றே 100.3 மெகாஹெர்ட்ஸில் அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் அமைந்தது. பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் அவை சென்றடையும் தொலைவு குறைவு, ஒலித்தெளிவு மிகுதி.

நிறைகுறைகள்

இந்நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சில் புகழுரைகளே மிகுதி. இருப்பினும் சில குறைகளையும் பதிவு செய்வது நேர்மையாகும். பல பேச்சுகளில் தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது தெளிவாக இராது. உலக நாட்டுக் கதைகள், ஜென் கதைகள், முல்லா கதைகள், வார இதழ்த் துணுக்குகள் ஆகியவை இவருடைய குரலில் கலந்து, எல்லாமே இவருடையவையாகக் கேட்போர் மனத்தில் பதிந்தன. உடல்நலம் குறித்த பேச்சுகளை இன்று படிக்கும் மாணவர்கள் அவற்றைப் பொதுவான அறிவுரையாக மட்டுமே கொள்ள வேண்டும். கணவன் மனைவி பற்றிய நகைச்சுவைகளில் மனைவியையே கேலிப்பொருளாக்கும் அக்காலத் துணுக்கு மரபு தென்படுகிறது. இது இவருக்கு மட்டும் உரிய குறையன்று என்றாலும் குறையே.

மறுபுறம், ஒரே மனிதர் ஏறத்தாழ 14 ஆண்டுகள் நாள்தோறும் புதிய பொருளொன்றைத் தேடிப் பேசினார் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆண்டுக்கு 300 பேச்சுகள் என்று குறைத்து மதிப்பிட்டாலும் மொத்தம் 4,000ஐத் தாண்டும். இணையத் தேடல் இல்லாத காலத்தில் இதற்குத் தேவைப்பட்ட வாசிப்பை எளிதில் ஊகிக்கலாம். இதழ்களிலும் நூல்களிலும் சிதறிக் கிடந்ததைத் திரட்டி, எழுத்தறியாதோருக்கும் உரியதாக்கியது இவருடைய பணி. கதாகாலட்சேபக்காரரும் ஊர்த்திண்ணைப் பெரியவரும் செய்துவந்த வேலையை ஒலிபரப்பு நிலையத்திலிருந்து செய்தவர் என்றும் கூறலாம்.

ஓய்வும் மறைவும்

பணி ஓய்விற்கு முன்பும் பின்பும் சன் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சி உட்படத் தொலைக்காட்சியிலும் இவர் பேசினார். ஓரிரு திரைப்படங்களிலும் தோன்றினார். முகத்தை அறிந்த பின்னரும் இவரை மக்கள் குரலாலேயே நினைவில் கொண்டனர்.

இவர் ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டே, 2003இல், சென்னையில் தனியார் பண்பலை நிலையங்கள் தொடங்கின. வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அரசின் ஒலிபரப்பு முற்றுரிமையை அசைத்ததன் தொடர்ச்சி இது. புதிய நிலையங்களின் காலை நேரத்தை விரைவான உரையாடலும் திரைப்பாடலும் தொலைபேசி அழைப்புகளும் நிறைத்தன. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதிக்கப்படவில்லை. ஆதலால் நாட்டு நடப்பு அகில இந்திய வானொலியிடமும், கேளிக்கை தனியாரிடமுமாகக் காலை வானொலி இரண்டாகப் பிரிந்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட, செய்தியும் அல்லாத பாடலும் அல்லாத சில நிமிடத் தனிப்பேச்சிற்கு அப்புதிய அமைப்பில் இடம் சுருங்கியது.

உடல்நலக் குறைவினால் 2009 செப்டம்பர் 16 அன்று சென்னையில் இவர் காலமானார்.

நூல்களும் ஒலிப்பதிவுகளும்

இவருடைய வானொலிப் பேச்சுகள் "இன்று ஒரு தகவல்" என்னும் தலைப்பிலேயே பல பாகங்களாக நூல்வடிவம் பெற்றன. இவை பேச்சுத்தமிழிலேயே அச்சிடப்பட்டவை. வாய்விட்டுப் படித்தால்தான் சொற்றொடர்களின் நிறுத்தம் விளங்கும். நூலகங்களில் இன்றும் கிழிந்த அட்டையுடன் இவற்றைக் காணலாம். பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கும் காலை வழிபாட்டுக் கூட்டங்களுக்கும் இவற்றிலிருந்து கதைகள் எடுக்கப்படுவதுண்டு.

ஒலிப்பதிவுகளைப் பொறுத்தவரை நிலைமை வேறு. காந்த ஒலிநாடாக்கள் விலை மிகுந்தவை. ஒருமுறை ஒலிபரப்பான பேச்சை அழித்து அதே நாடாவில் மற்றொன்றைப் பதிவது வானொலி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் வெளிவந்தவையும், கேட்போர் தம் வீட்டு ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்து வைத்தவையுமாகச் சில பேச்சுகள் பின்னர் இணையத்தில் ஏறியுள்ளன. பின்னணியில் இரைச்சலும் சில வேளைகளில் பாத்திர ஓசையும் கேட்கும் அப்பதிவுகள், அச்சிட்ட நூல்களில் இல்லாத அந்த இடைவெளிகளைக் காப்பாற்றி வைத்துள்ளன.